வெயில் அடித்தும் சார்ஜ் ஏறவில்லையா? முகாமில் சோலார் மின்கலக் கோளாறுகளை அறிகுறி வாரியாகத் தீர்த்தல்

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் உள்ள ஜெலுத்தோங், மாமாம் கடற்கரைகளில் கூடாரம் அடிப்பவர்களுக்கு மின்செருகி எதுவும் கிடையாது. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் இரவு முழுவதும் விளக்குக் கம்பம் எரிந்தாலும், அதிலிருந்து கைத்தொலைபேசிக்கு ஒரு சொட்டு மின்சாரமும் வராது. ஆகவே மடக்கு சோலார் பேனலையும் பவர் பேங்க்கையும் பையில் போட்டுக்கொண்டு வரும் குடும்பங்களை ஒவ்வொரு முகாமிலும் பார்க்க முடிகிறது. "அண்ணே, வெயில் இப்படிக் கொளுத்துது, சார்ஜ் மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்று இரண்டாம் நாள் காலையில் பேனலைத் தூக்கிக்கொண்டு வருபவர்களையும் பார்க்க முடிகிறது. சமூக மன்றக் குடும்ப முகாம்களில் இந்தப் பழுதுபார்க்கும் வேலை வழக்கமாக என்னிடம் வந்து சேர்வதால், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பேனலைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிக்கிறார்கள்; ஆனால் கேபிள், நிழல், சூடு ஆகிய மூன்றையும் பார்த்து முடிக்கும் முன்பே பெரும்பாலான கோளாறுகள் தீர்ந்துவிடுகின்றன.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

மின்சாரம் செல்லும் வழியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பேனலிலிருந்து பவர் பேங்க் வரை ஒரு பாதி, பவர் பேங்க்கிலிருந்து கருவி வரை மறுபாதி. பவர் பேங்க்கைப் பேனலிலிருந்து கழற்றிவிட்டு அதனுடன் கைத்தொலைபேசியை இணைத்துப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் கோளாறு முதல் பாதியில் இருக்கிறது. ஏறாவிட்டால், பவர் பேங்க் வெறுமையாக இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு இரண்டாம் பாதியைப் பாருங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பவர்களுக்கு, கடைசியில் எது கெட்டது என்றும் தெரிவதில்லை, எது சரியானது என்றும் தெரிவதில்லை.

இரண்டு பொருள்களைக் கைவசம் வைத்திருங்கள். ஒன்று, நன்றாக வேலை செய்கிறது என்று வீட்டிலேயே சோதித்த, குட்டையான, தடித்த கேபிள். மற்றொன்று, யூஎஸ்பி மீட்டர். கட்டைவிரல் அளவே இருக்கும் இந்தக் கருவியைக் கேபிளுக்கும் பேனலுக்கும் இடையில் செருகினால் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் திரையில் காட்டும். சிம் லிம் டவரில் மின்னணு உதிரிபாகம் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இது இல்லாமலும் சமாளிக்கலாம், ஆனால் ஊகத்தில்தான் காலம் கழியும்.

## அறிகுறி: பேனல் வெயிலில் இருக்கிறது, பவர் பேங்க்கில் ஒரு விளக்கும் எரியவில்லை

முதலில் கேபிளைச் செருகியிருக்கும் துளையைப் பாருங்கள். பழைய பவர் பேங்க்குகளில் உள்ளே ஏற்றும் துளையும் வெளியே கொடுக்கும் துளையும் வெவ்வேறு. அகலமான யூஎஸ்பி துளை வெளியே கொடுப்பதற்கு மட்டுமே. புதியவற்றில் டைப்-சி துளை இரண்டு வேலையும் செய்யும் என்றாலும், டைப்-சி துளை இரண்டு இருந்தால் அவற்றில் ஒன்று மட்டுமே உள்ளே ஏற்றுவதாகவும் இருக்கலாம். துளையின் அருகில் அச்சிட்டிருக்கும் சிறு எழுத்தைப் படியுங்கள்.

துளை சரி என்றால் கேபிளை மாற்றுங்கள். அதன் பிறகும் விளக்கு எரியாவிட்டால், சோதனைக்காக மட்டும், கைத்தொலைபேசியை நேரடியாகப் பேனலில் இணைத்துப் பாருங்கள்.

கைத்தொலைபேசி சார்ஜ் ஆகிறது என்றால் பேனலில் குறையில்லை. பவர் பேங்க் பல மாதம் பெட்டியில் கிடந்து அடியோடு தீர்ந்திருக்கலாம். அந்த நிலையில் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று, பேனல் தரும் தடுமாற்றமான மின்சாரத்துக்கு விழித்துக்கொள்ளாமல் போகக்கூடும். வீட்டுச் சுவர்ச் செருகியில் இணைத்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அங்கும் அசைவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. திறந்து பழுதுபார்க்க முயல வேண்டாம்.

கைத்தொலைபேசியும் சார்ஜ் ஆகவில்லை என்றால் மணியைப் பாருங்கள். சிங்கப்பூரில் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் எழுகிறது. எட்டு மணி வெயில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், சாய்ந்து விழும் அந்த ஒளியில் சிறிய பேனலால் கருவியை எழுப்பும் அளவு மின்சாரம் தர இயலாது. பத்து மணிக்குப் பிறகும் இதே நிலை என்றால் மீட்டரைச் செருகுங்கள். ஐந்து வோல்ட்டை ஒட்டிய எண் தெரிந்தால் பேனலில் உயிர் இருக்கிறது. எண்ணே தெரியவில்லை என்றால், பேனலின் பின்புறச் சிறு பெட்டியில் உள்ள யூஎஸ்பி துளையை நன்றாக உற்றுப் பாருங்கள்: உப்புக்காற்று பட்ட செப்புத் தொடுமுனைகளில் பச்சை படிந்திருக்கும். காய்ந்த மென்மையான தூரிகையால் அதை நீக்கலாம். பச்சை இல்லை என்றால், மீட்டரைப் பார்த்தபடியே ஒவ்வொரு மடிப்பையும் மெதுவாக அசையுங்கள். ஒரு குறிப்பிட்ட மடிப்பில் மட்டும் எண் தோன்றி மறைந்தால் அங்கே உள்கம்பி அறுந்திருக்கிறது. மின்னணுச் சாதனம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அதைப் பற்றவைக்கலாம். ஆனால் சிறிய பேனலுக்குக் கூலியும் புதிய பேனலின் விலையும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும் என்பதால், உத்தரவாதம் இருந்தால் கடைக்கே கொண்டு செல்வது நல்லது.

## அறிகுறி: ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது

கைத்தொலைபேசியை நேரடியாகப் பேனலில் இணைத்திருந்தால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. மேகம் கடக்கும்போது வோல்ட் சரிகிறது, கருவி இணைப்பைத் துண்டிக்கிறது, வெயில் வந்ததும் மறுபடி இணைகிறது. ஒவ்வொரு முறையும் திரை விழித்துக்கொள்வதால் ஏறியதில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும். இன்னும் மோசமான நிலையும் உண்டு: மேகம் விலகிய பிறகும் சில கருவிகள், குறைந்த வெளிச்சத்தில் தாம் தேர்ந்துகொண்ட அற்ப மின்னோட்டத்திலேயே நின்றுவிடும். கேபிளைக் கழற்றிப் பத்து விநாடி விட்டு மீண்டும் செருகினால் அது சரியாகும். நிரந்தரத் தீர்வு ஒன்றே: பகலில் பேனல் பவர் பேங்க்கை நிரப்பட்டும், மாலையில் பவர் பேங்க் கைத்தொலைபேசியை நிரப்பட்டும்.

மேகமே இல்லாத வானத்திலும் இப்படி விட்டு விட்டு ஏறுகிறதா? அப்படியானால் மேலே பாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட்டின் சவுக்கு மரங்களும் தென்னைகளும் கடற்காற்றில் ஆடும்போது அவற்றின் நிழல் பேனல்மீது வந்து வந்து போகும். பேனலை விரித்தபோது வெட்டவெளியாக இருந்த இடம் ஒரு மணி நேரத்தில் நிழலுக்குள் போய்விடும்.

நிழலும் இல்லை என்றால் பவர் பேங்க்கைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான பேனல்களில் கேபிள் வைப்பதற்கு ஒரு துணிப்பை தைத்திருப்பார்கள்; பவர் பேங்க்கையும் அதற்குள் செருகி வெயிலில் விரிப்பது வழக்கம். அந்தக் கறுப்புத் துணிக்குள் இருக்கும் பவர் பேங்க் விரைவில் கை பொறுக்காத சூட்டை எட்டிவிடும். லித்தியம் மின்கலங்களைப் பொதுவாக 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பவர் பேங்க் தானாகவே நிறுத்திக்கொள்ளும், மட்டமானது நிறுத்தாது. ஒரு மீட்டர் கேபிள் போட்டு பவர் பேங்க்கை மரநிழலிலோ, காற்றோட்டம் உள்ள நாற்காலியின் அடியிலோ வையுங்கள். பேனல் வெயிலில் இருக்க வேண்டும், பவர் பேங்க் நிழலில் இருக்க வேண்டும். மூடிய கூடாரத்துக்குள் மட்டும் வேண்டாம், நண்பகலில் வெளியைவிட அங்கேதான் புழுக்கம் அதிகம்.

## அறிகுறி: நாள் முழுவதும் வைத்தும் கொஞ்சமே ஏறியிருக்கிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதில் பாதி கோளாறே அல்ல. முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். 20,000 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்ட பவர் பேங்க்கின் உள்மின்கலம் 3.7 வோல்ட், ஆகவே அதன் கொள்ளளவு (20 ஆம்பியர்-மணி × 3.7 வோல்ட்) 74 வாட்-மணி. 21 வாட் என்று விற்கப்படும் மடக்கு பேனல், நல்ல நேர்வெயிலில் 12 முதல் 15 வாட்தான் தரும். நம் ஊர் வானத்தில் முழுவெயிலுக்கு இணையாக ஒரு நாளில் சராசரியாக நான்கு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாகக் கிடைக்கிறது. ஆக 50 அல்லது 60 வாட்-மணி உள்ளே போகும், அதில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். எல்லாம் சரியாக நடந்த நாளிலும் காலிப் பவர் பேங்க் நிறையாது. பாதிக்குச் சற்று மேலே ஏறியிருந்தால் உங்கள் பேனல் ஒழுங்காகவே உழைத்திருக்கிறது.

பவர் பேங்க்கின் மூடியிலேயே சின்ன சோலார் தகடு ஒட்டியிருக்கும் வகையா? கைத்தொலைபேசி அளவுள்ள அந்தத் தகடு ஒன்று அல்லது ஒன்றரை வாட் தரும். அதைக்கொண்டு 74 வாட்-மணியை நிரப்ப, ஒரு நாளும் மழையில்லாமல் இரண்டு வாரமாவது ஆகும். அதற்காகப் பவர் பேங்க்கையே வெயிலில் காய வைப்பதால் மின்கலம் கெடுவதுதான் மிச்சம். அது விற்பனைக்கான அலங்காரம் என்பது என் கருத்து.

கணக்கு சொல்வதில் கால்பங்குகூட ஏறவில்லை என்றால் மேற்கொண்டு தேடுங்கள். முதல் காரணம் பகுதி நிழல். பேனலில் உள்ள தகடுகள் வரிசையாகக் கோக்கப்பட்டவை; ஒன்று மட்டும் இருட்டானாலும் அந்த வரிசை முழுவதும் முடங்கும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையால் ஒரு தகட்டை மூடுங்கள், எண் எவ்வளவு விழுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு வாதுமை இலையும், கூடாரக் கயிற்றின் நிழலும், பேனலின் மேல் வளைந்து கிடக்கும் அதன் சொந்தத் தூக்குப்பட்டையும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது, வைக்கும் கோணம். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து முப்பது, நாற்பது டிகிரி சாய்த்து வைக்கிறார்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறது. நண்பகல் சூரியன் ஜூனில் உச்சியிலிருந்து 22 டிகிரி வடக்காகவும் டிசம்பரில் ஏறக்குறைய 25 டிகிரி தெற்காகவும் நிற்கும், மற்ற மாதங்களில் இன்னும் உச்சிக்கு நெருக்கமாக வரும். பேனலைத் தட்டையாக விரித்துவிட்டால் எந்த மாதத்திலும் நண்பகலில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இழப்பு வராது. தவறான திசையில் செங்குத்தாகச் சாய்த்தால்தான் பாதி போகும். காலையில் கிழக்காகவும் மாலையில் மேற்காகவும் இலேசாகத் திருப்ப முடிந்தால் நல்லது. நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணியை ஒட்டி. ஆகவே "பன்னிரண்டு தாண்டிவிட்டது, இனி இறங்குமுகம்" என்று பேனலைச் சுருட்டி வைப்பவர்கள் நாளின் சிறந்த நேரத்தைத் தவறவிடுகிறார்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை பேனலுக்கு எந்தத் தடையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல நாள்களில் இடிமழை பிற்பகலில்தான் வருகிறது.

மூன்றாவது, அழுக்கு. கடற்கரையில் ஒரு நாள் கிடந்த பேனலில் விரலை வைத்து இழுத்தால் மங்கலான உப்புப் படலம் கையில் வரும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். மணல் ஒட்டியிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், முதலில் தட்டிவிடுங்கள். நான்காவது, பேனலின் சூடு: தகடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். கொதிக்கும் சிமெண்டுத் தரையில் 60 டிகிரியைத் தொட்டால் பத்து விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். அடியில் காற்று புகும்படி மடக்கு நாற்காலிமீது விரிக்கலாம். கூடாரத்தின் வலைத்துணிக்குள்ளிருந்தோ காரின் கண்ணாடிக்குப் பின்னிருந்தோ வைத்தவர்கள் அதை முதலில் வெளியே எடுக்கட்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் தொடர்ந்து மூடியிருந்தால் மேற்கண்ட எதுவும் உதவாது. அந்த மாதங்களில் பவர் பேங்க்கை வீட்டிலேயே முழுவதும் நிரப்பிக்கொண்டு படகேறுங்கள். பேனலைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: பவர் பேங்க் நிறைந்திருக்கிறது, கருவிதான் சார்ஜ் ஆகவில்லை

எந்தக் கருவி என்பதைப் பொறுத்து இங்கே வழி பிரிகிறது.

காதொலிக் கருவி, கைக்கடிகாரம், சிறு அலங்கார விளக்கு போன்றவை சிறிது நேரம் ஏறி நின்றுவிட்டால், பவர் பேங்க் எதுவுமே இணைக்கப்படவில்லை என்று நினைத்துத் தூங்கிவிட்டது. இவை எடுக்கும் மின்னோட்டம் அவ்வளவு குறைவு. பல பவர் பேங்க்குகளில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலோ சில விநாடி அழுத்திப் பிடித்தாலோ குறைமின்னோட்ட நிலைக்கு மாறும். அந்த வசதி இல்லை என்றால், கூடவே ஒரு கைத்தொலைபேசியையும் மற்றொரு துளையில் இணைத்துவிடுங்கள், பவர் பேங்க் விழித்தே இருக்கும்.

கைத்தொலைபேசி என்றால் கேபிளை மாற்றுங்கள். பிறகு அதன் துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள்: கால்சட்டைப் பை நூலும் கடற்கரை மணலும் சேர்ந்து அடியில் இறுகியிருக்கும், கேபிள் முழுமையாக உட்காராது. கருவியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுங்கள்; ஊசி வேண்டாம். ஏறுகிறது ஆனால் ஆமை வேகம் என்றால் அதுவும் பெரும்பாலும் மெல்லிய, நீண்ட கேபிளின் வேலைதான்.

மடிக்கணினி என்றால் பவர் பேங்க்கின் அச்சைப் படியுங்கள். பல மடிக்கணினிகள் டைப்-சி வழியாக 20 வோல்ட்டில் 45 அல்லது 65 வாட் கேட்கின்றன. 18 அல்லது 20 வாட் பவர் பேங்க் எத்தனை கேபிள் மாற்றினாலும் அதைத் தராது.

மூன்று முறை ஏற வேண்டியது இரண்டு முறைதான் ஏறுகிறது என்பவர்களுக்கு: 74 வாட்-மணியில் வெளியே வருவது 60 வாட்-மணிக்குச் சற்று மேலே. 5,000 மில்லியாம்பியர்-மணி கைத்தொலைபேசியை வெறுமையிலிருந்து நிரப்ப 20 வாட்-மணிக்கு மேல் செலவாகும். இரண்டரை முறையிலிருந்து மூன்று முறை வரை என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. ஒன்றரைக்குக் கீழே வந்தால் பவர் பேங்க் முதுமையடைந்துவிட்டது.

## அறிகுறி: துளையில் ஈரம் என்று எச்சரிக்கை வருகிறது

உடனே கேபிளைக் கழற்றுங்கள். துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்று படும் இடத்தில் அரை மணி நேரமாவது வையுங்கள். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், அதன் தூளும் உள்ளே போய்ச் சேரும். பஞ்சுக் குச்சியும் சூடான காற்றும் வேண்டாம். கடல்நீர் புகுந்திருந்தால், காய்ந்த பிறகும் உப்பு தங்கி அரிக்கும். கருவியை அணைத்து வைத்துவிட்டு, ஊர் திரும்பியதும் பழுதுபார்க்கும் கடையில் காட்டுங்கள்.

## அறிகுறி: பெரிய மின்பெட்டியில் உள்ளேறும் வாட் பூச்சியமாகவே இருக்கிறது

தூக்குப்பிடி வைத்த மின்பெட்டியை (பவர் ஸ்டேஷன்) கொண்டு வருபவர்கள் முதலில் செருகி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கவும். அடுத்து, பெட்டியின் சோலார் துளை அருகே அச்சிட்டிருக்கும் வோல்ட் எல்லையையும், பேனலின் பின்புறத்தில் திறந்த சுற்று மின்னழுத்தம் (Voc, அதாவது எதையும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்ட்) என்று போட்டிருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். உதாரணமாகப் பெட்டி 11 முதல் 28 வோல்ட் வரை ஏற்கும், பேனல் 22 வோல்ட் என்றால் பொருந்தும். அதே பேனல் இரண்டைத் தொடராக இணைத்தால் 44 வோல்ட் ஆகிவிடும். நல்ல பெட்டி ஏற்க மறுத்துப் பூச்சியம் காட்டும், மற்றது கருகும். இரண்டு பேனல் வேண்டுமென்றால், நேர்முனையோடு நேர்முனையும் எதிர்முனையோடு எதிர்முனையும் சேரும் பக்க இணைப்பாகப் போடுங்கள். வேறு நிறுவனத்தின் இணைப்பி வாங்கியிருந்தால் நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருக்கலாம்; பன்முகமானியில் (மல்டிமீட்டர்) கழித்தல் குறி வந்தால் மாறியிருக்கிறது என்று பொருள்.

உள்ளே ஏறுகிறது, ஆனால் 230 வோல்ட் செருகி அணைந்து அணைந்து போகிறது என்றால் என்ன சமைக்கிறீர்கள் என்று பாருங்கள். 300 வாட் பெட்டியில் 500 வாட் ரைஸ் குக்கரைச் செருகினால் அது அணைந்துவிடும், அணையத்தான் வேண்டும். தண்ணீர்க் கெண்டி 2,000 வாட்டை ஒட்டி இழுக்கும். சோற்றுக்கு எரிவாயு அடுப்பை நாடுங்கள்.

சுமை எதுவும் இல்லாமலே பிழைக்குறி காட்டினாலும், விசிறி ஓயாமல் இரைந்தாலும், மழையில் நனைந்திருந்தாலும் பெட்டியை அணைத்து விற்ற கடைக்கோ முகவருக்கோ கொண்டு செல்லுங்கள். உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருக்கிறது. திருகாணியைத் தொட வேண்டாம்.

## அறிகுறி: மின்கலம் உப்பியிருக்கிறது, மணக்கிறது, தானாகச் சுடுகிறது

இதற்குச் சோதனை கிடையாது. பவர் பேங்க்கை மேசைமீது வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடுகிறதா, ஓட்டின் விளிம்பு பிளந்திருக்கிறதா, நகச்சாயம் போன்ற இனிப்பு மணம் வருகிறதா என்பதில் ஒன்று இருந்தாலும் சார்ஜ் செய்வதையும் எடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். கூடாரத்திலிருந்து விலகி, எரியக்கூடியது எதுவும் இல்லாத மணல்பரப்பில் நிழலாக வையுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். புகையோ சீறும் ஓசையோ வந்தால் கையால் எடுக்க முயலாமல் தூர விலகி, தீயணைப்பு அவசர எண்ணான 995-ஐ அழையுங்கள்.

சூடு தணிந்து அமைதியாக இருக்கும் உப்பிய மின்கலத்தை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் குப்பைக் குழாயில் ஒருபோதும் போடக் கூடாது. 2021 ஜூலை முதல் மின்கழிவைத் தனியாகத் திரட்டும் முறை நடப்பில் இருக்கிறது, பெரிய மின்னணுக் கடைகளில் சேகரிப்புப் பெட்டிகளும் இருக்கின்றன. ஆனால் உப்பியதை மற்றவற்றோடு அந்தப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வராமல், எங்கே எப்படி ஒப்படைப்பது என்று தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் முதலில் கேளுங்கள். அதுவரை தொடுமுனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, உலோகப் பொருள்கள் இல்லாத இடத்தில், வாசலுக்கு வெளியேறும் வழியை அடைக்காமல் வைத்திருங்கள்.